வெள்வேல மரத்தில் கட்டிய துண்டு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம், கொம்பு வைத்த மாட்டைக் கண்டால் பயம், இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தானியக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்து மோட்டார் ஓட்டுகிறவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு, என்னோடு பிறந்த ஒரே அண்ணனும் பஸ் டிரைவர். வடக்கே சேர்வராயன் மலை கறுத்தால் ராசிபுரத்தில் எல்லோரும் மழை வரப்போகிறதென்று சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும் கையில் எடுத்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து மலையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மலையில் மழை பெய்தால் திருமணிமுத்தாற்றில் தண்ணீர் வரும். வெண்ணந்தூரைத் தாண்டி ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போகிற எங்கள் பஸ் சாலை அந்த ஆற்றைத் தரைப்பாலத்தில்தான் கடக்க வேண்டும். என் பயமெல்லாம் அந்தப் பாலத்தில்தான் இருந்தது.

மேட்டூர் அணை கட்டிய காலத்தில் என் வீட்டுக்காரர் அங்கே கல் லாரி ஓட்டினார். அணையும் ஒருநாள் முடிந்தது. முடிந்ததற்குப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து விழா எடுத்தார்கள். அந்த வாரமே லாரி ஓட்டிகளையும் கொல்லர்களையும் கல் உடைப்பவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓட்டத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் சும்மா திரிந்தன. இவரும் வந்து வீட்டில் உட்கார்ந்தார். வேலை இல்லாத ஆம்பளை வீட்டில் இருப்பது என்னவென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். பொய். பசி அவர் கண்ணில் தெரியும்.

அண்ணன் வீட்டிலிருந்து கம்பும் ராகியும் வந்துகொண்டிருந்தன. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். அவள் ஒரு வார்த்தை குத்தலாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். சொல்லாததால் அந்தக் களி தொண்டையில் இறங்க மறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தடத்தில் ஒரு புது பஸ் கம்பெனி வந்தது. முதலாளி அரிசி மில்காரர். பழைய கம்பெனிகள் வாங்கியதில் பாதிதான் டிக்கெட். போதாதென்று ஏறினவர்களுக்கு ஆளுக்கு ஒரு கலர் பாட்டில் இலவசம். எங்கள் ஜனங்களைக் கேட்க வேண்டுமா? சேலத்தில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட கலர் குடிக்கச் சேலம் போய்வந்தார்கள். கல்யாணம் கருமாதி என்றால் குடும்பத்தோடு ஏறுவார்கள். பாட்டிலுக்குள் இருக்கிற கோலிக்குண்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் அழும்.

பாதி டிக்கெட்டுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் கூலியில்தான் கட்டுப்படியானது. பழைய கம்பெனிகளில் மாதச் சம்பளம். மழை வெயில் எதுவானாலும் அது வந்துவிடும். புதுக் கம்பெனியில் நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் குறைச்சல். பஸ் போய்ச் சேர்ந்தால் கூலி. வழியில் நின்றுபோனால் அன்றைக்கு வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இவர் அதில் சேர்ந்தார். காலையில் போய்ப் பேசிவிட்டு வந்து, "டிரைவர் சீட்டுல உக்காரச் சொல்லீட்டாங்க புள்ளே" என்றார். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

அன்று பொழுது சாய அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எங்கள் பக்கம் அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்து அப்படி நின்றால் ஏதோ இருக்கிறதென்று அர்த்தம்.

"மாப்ளே, கேள்விப்பட்டது நெசமுங்களா?"

"நெசந்தானுங்க மச்சான்."

"அந்தக் கூலிக்கு நீங்க உக்காந்தா, நாளைக்கு எங்க மொதலாளி என்னெக் கூப்புட்டு என்ன கேப்பாருன்னு ரோசன பண்ணுனீங்களா? உன்ற மாப்ளே அவ்வளவுக்கு ஓட்டறாரே, உனக்கு மட்டும் என்னத்துக்கு எச்சுச் சம்பளம்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "சும்மா உக்காந்து உக்காந்து கை மரத்துப் போச்சுங்க மச்சான். ஊட்ல இருக்கற வாய்க்கு நான் என்னத்தைச் சொல்றதுங்க?"

இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் பெரிய கஷ்டம். ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் நான் இன்னொருவர் பக்கம் சேர்ந்துகொண்டு தைரியமாக இருந்திருப்பேன். அண்ணன் நான் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பை என்னிடம் கொடுத்து, "வாரேன் அம்முணி" என்று போய்விட்டார்.

அந்தத் தடத்து டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரெதிரே பஸ் வரும்போது ஒருவருக்கொருவர் ஒரு கையைத் தூக்குவார்கள். கும்பிடு அல்ல, சலாமும் அல்ல, "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்கிற மாதிரி. இவருக்கு யாரும் கை தூக்குவதில்லை என்று ஆனது. இவர் விடாமல் தூக்கிப் பார்த்தார். எதிரே வருகிறவர்கள் சாலையோரத்துப் பனைமரத்தைப் பார்ப்பார்களாம்.

"உன்ற அண்ணனும் இன்னைக்குக் கையெடுக்கல" என்பார் சாப்பிடும்போது.

"ஸ்டியரிங்கு கெட்டியா இருந்திருக்குமுங்க. ரண்டு கையும் வேண்டியிருந்திருக்கும்" என்று நான் விளையாட்டாகச் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

புதுக் கம்பெனியில் இன்னொரு வழக்கம் இருந்தது.  ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி சீட்டில் ஒரு மாற்று ஆளை உட்கார வைத்திருப்பார்கள். அவரும் ஓட்டத் தெரிந்தவர்தான். கூலி கிடையாது. டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால், டிரைவர் முறைத்துக்கொண்டால், டிரைவர் லேட்டாக வந்தால் அவர் உட்காரலாம், உட்கார்ந்த அன்றைக்குக் கூலி. இவருடைய பஸ்ஸில் வந்தவர் நரைத்த மீசைக்காரர், மேச்சேரிப் பக்கத்து ஆள், அணை வேலையில் இவரோடு லாரி ஓட்டினவர். நல்ல மனிதர். எனக்கு அவரைக் கண்டாலே பயம். பஸ் ஸ்டாண்டுக்கு நான் சோறு கொண்டுபோனால், இவர் சாப்பிடுவதை அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றைப் பார்க்கிறாரா ஆளைப் பார்க்கிறாரா என்று தெரியாது. இவர் இருமினால் அவர் தலை நிமிரும். வீட்டில் இவருக்குத் தும்மல் வந்தால்கூட நான் சுக்குக் கஷாயத்தோடு ஓடினேன் என்றால் அது ஆசையில் மட்டும் இல்லை.

இனி ஆற்றங்கரைத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தரைப்பாலத்தின் நடுவில், ஓரமாக, சுண்ணாம்பு அடித்த ஒரு கல் நட்டிருக்கும். தண்ணீர் பாலத்தின் மேல் ஓடினாலும் கல்லின் தலை தெரிந்தால் பஸ் போகலாம். தலை முழுகிவிட்டால் நிற்க வேண்டும். இது சர்க்கார் போட்ட சட்டம் அல்ல, டிரைவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. கரைக்கு முதலில் வந்து சேருகிற டிரைவர் இறங்கிப் போய்ப் பார்ப்பார். கல் தெரியவில்லை என்றால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கரையில் இருந்த வெள்வேல மரத்தில் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எந்தக் கம்பெனியானாலும், எவ்வளவு அவசரமானாலும் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். கட்டினவர் வந்து அவிழ்க்கிற வரைக்கும் யாரும் பாலத்தில் சக்கரம் வைக்கக் கூடாது.

முதலாளிகளுக்கு இது பிடிக்காது. கலெக்‌ஷன் போகிறதே! ஆனால் என்ன செய்ய முடியும்? எல்லா பஸ்ஸும் நிற்கிறது. "அவன் போனானே, நீ ஏன் போகவில்லை" என்று கேட்க ஒரு அவன் வேண்டும் அல்லவா? அந்த அவன் இல்லாத வரைக்கும் யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. எனக்கு இதை அண்ணன்தான் ஒருமுறை விளக்கிச் சொன்னார். மலை கறுத்த நாட்களில் நான் வாசலில் நின்றாலும் மயக்கம் போட்டு விழாமல் இருந்தது அந்தத் துண்டின் தைரியத்தில்தான். இவர் புதுக் கம்பெனியில் சேர்ந்த அன்று ராத்திரி, "ஆத்துல தண்ணி வந்தா துண்டுக்கு நிப்பீங்கல்ல?" என்று கேட்டேன். "அதுக்குமா நிக்காம போயிருவேன்?" என்று கோபித்துக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் சேலத்தில் இவருடைய பெரியம்மா பேத்திக்குக் காது குத்து. நானும் குழந்தையும் இவருடைய பஸ்ஸிலேயே கிளம்பினோம். குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்து, பார்ப்பதையெல்லாம் கடிக்கிற வயது. ராசிபுரத்தில் நல்ல வெயில். வெண்ணந்தூரில் நெசவாளிகள் சேலை மூட்டைகளோடு ஏறினார்கள். முன் சீட்டில் இவருக்குப் பக்கத்தில் முதலாளியின் தங்கை மகன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏஜெண்டு என்று பெயர். வழியில் கை காட்டுகிறவர்களையெல்லாம் ஏற்றச் சொல்வதும், இவரை "வெசையாப் போ" என்று சொல்வதும்தான் உத்தியோகம். கடைசி சீட்டில் நரைத்த மீசைக்காரர்.

ஆற்றை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. வெயிலில் அந்தச் சத்தத்தைக் கேட்பது ஒரு மாதிரியாக இருந்தது. ராத்திரி மலையில் கொட்டியிருக்கிறது. கரையில் அண்ணனுடைய பஸ் நின்றது. வெள்வேல மரத்தில் அண்ணனுடைய துண்டு. நங்கை சாயம் போட்ட காவிக்கரைத் துண்டு, எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்ததும், "அப்பாடா, நின்றாகிவிட்டது" என்று மூச்சு வந்தது. அண்ணனுடைய ஜனங்கள் இறங்கி மர நிழலில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள்.

இவர் பஸ்ஸை அண்ணன் பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த இரும்புக் கம்பியை எஞ்சினுக்கு முன்னால் செருகிச் சுற்றினால்தான் அந்த பஸ் கிளம்பும். இறங்கும்போதெல்லாம் ஹாண்டிலைக் கையோடு எடுத்துப்போவது அணை வேலையில் பழகிய பழக்கம். அங்கே வைத்த இரும்பு வைத்த இடத்தில் இருக்காதாம்.

ஆற்றோரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணனும் இவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"கல்லு முழுகியிருக்குதுங்க. போக முடியாது" என்றார் ஏஜெண்டிடம்.

"அவங்க துண்டு கட்டுனா நாம என்னத்துக்கய்யா நிக்கோணும்? அவங்களுக்கு மாசச் சம்பளம், நின்னாலும் வரும். உனக்கு வருமா?" என்றார் ஏஜெண்டு. பஸ்ஸுக்குள் இருந்து ஒரு நெசவாளி, "சேலைய இன்னைக்குச் சேக்கலீன்னா ஏவாரிக வேறெ ஊட்ல வாங்கிக்குவாங்கப்பா, எறக்கு வண்டிய" என்றார். இன்னொருவர், "இன்னைக்குக் கலரும் குடுக்கலெ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது அழ ஆரம்பித்தது.

"நான் எறக்க மாட்டனுங்க" என்றார் இவர்.

"செரி. நீ எறங்கிக்க." ஏஜெண்டு பின்னால் திரும்பினார். "யோவ், வாய்யா முன்னால."

நரைத்த மீசைக்காரர் கடைசி சீட்டிலிருந்து எழுந்து, மூட்டைகளுக்கு நடுவே மெதுவாக வந்து இறங்கினார். பலரும் அவசரமாக இறங்கினார்கள். நானும் குழந்தையோடு குதித்து இறங்கினேன். சிலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்காரர் இவருக்கு எதிரில் வந்து நின்று கையை நீட்டினார். ஹாண்டிலுக்கு.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாப்ளே, அதைக் குடுத்துராதீங்க."

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் குரல் எழுப்பியே பழக்கமில்லாத நான், "ஆத்துல போட்டுருங்க! ஏனுங்க, அதைத் தூக்கி ஆத்துல போட்டுருங்க!" என்று கத்திவிட்டேன். கரையில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து என்னைப் பார்த்தார்கள். ஹாண்டில் போய்விட்டால் பஸ் அங்கேயே நிற்கும். கட்டின துண்டுக்கு மதிப்பு இருக்கும். வேலை எப்படியும் போய்விட்டது, இனி இரும்புக்கு என்ன?

இவர் கையை ஓங்கியும்விட்டார். அப்போது நரைத்த மீசைக்காரர் இவரிடம் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"சும்மா உக்காந்து உக்காந்து கை மரத்துப் போச்சப்பா. ஊட்ல இருக்கற வாய்க்கு நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

இவர் அன்று வாசலில் அண்ணனிடம் சொன்ன அதே பேச்சு. அவரிடமிருந்து இவர் கேட்டதா, இவரிடமிருந்து அவர் கேட்டதா, இல்லை வேலை கிடைக்காத எல்லோர் வாயிலும் அதுதான் வருமா, எனக்குத் தெரியாது. இவருடைய கை இறங்கியது. ஹாண்டிலை அவர் கையில் வைத்தார்.

அண்ணன் போய் பாலத்தின் வாயில் நின்றார். நரைத்த மீசைக்காரர் எஞ்சினைக் கிளப்பி, அண்ணனுடைய பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. வெறுமனே பார்த்தார்.  பிறகு அண்ணன் ஒதுங்கினார். ஏன் ஒதுங்கினீர்கள் என்று நான் பின்னால் கேட்டதில்லை. எஞ்சின் ஓடுகிற பஸ்ஸுக்கு முன்னால் நின்று பார்க்காதவள் கேட்கக் கூடாத கேள்வி அது.

பஸ் தண்ணீரில் இறங்கியது. முதலில் சக்கரம், பிறகு படி. செம்மண் கரைந்த தண்ணீர். பாலம் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அவர் உத்தேசமாகத்தான் போனார். நடுவில் போனதும் பஸ்ஸின் பின்பக்கம் ஒருபக்கமாக நகர்ந்தது. நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே ஒரு பெண்பிள்ளை, "சாமி, சாமி" என்று கதறினாள். எஞ்சின் விக்கி நின்றுபோகப் பார்த்தது. நான் குழந்தையோடு மணலில் உட்கார்ந்துவிட்டேன். மூழ்கப் போகிறது என்று நினைத்தேன். அந்தப் பயத்தின் அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. கரை சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று. அந்தப் பயம் முதல் பயத்தைவிடச் சின்னதாக இல்லை.

எஞ்சின் மறுபடி உறுமியது. பஸ் தண்ணீர் ஒழுக ஒழுக அக்கரை ஏறியது. உள்ளே இருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். இக்கரையிலும் சிலர் தட்டினார்கள். என் மடியில் இருந்த குழந்தையும் எல்லோரையும் பார்த்துக் கையைத் தட்டியது. அதன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் நிற்காமல் சேலத்தைப் பார்த்துப் போனது. அதுவரை நிழலில் படுத்திருந்தவர்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அவன் போயிட்டான், நீயென்னப்பா கரையில உக்காந்து மீனா புடிக்கறே?" என்றார் ஒருவர்.  அண்ணன் துண்டை அவிழ்க்கவில்லை. வெயில் தாழ்ந்து, கல்லின் தலை வெள்ளையாக வெளியே தெரிந்த பிறகுதான் மரத்துக்குப் போனார். வெள்வேல முள்ளில் மாட்டியிருந்த துண்டை அவர் நிதானமாக, நூல் பிரியாமல் எடுத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் பஸ்ஸிலேயே இவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் போனபோது விசேஷ வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த பாயசத்தைக் கொடுத்தார்கள். குழந்தை மட்டும் குடித்தது.

துண்டு அன்றைக்கே செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த பஸ் ஆற்றோடு போயிருந்தால் ஊரே துண்டைக் கும்பிட்டிருக்கும். போகவில்லையே! பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததுதான் வினையாகப் போயிற்று. இப்போது கேட்பதற்கு ஒரு அவன் கிடைத்துவிட்டான்.

நினைத்த மாதிரியே அண்ணனுடைய முதலாளி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அதோடு நிற்கவில்லை. ஒருநாள் இவருக்கும் ஆள் விட்டார். இவர் போய்விட்டு வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"உன்ற அண்ணன் சீட்டுல என்னெ உக்காரச் சொல்றாரு புள்ளே. நடைக் கூலிதானாம்."

 "நீங்க தண்ணியில எறக்காம வேலைய உட்டவருன்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

"அதையும் கேட்டுட்டேன். 'அப்ப உனக்கு வேலை இருந்துச்சு, இப்ப இல்ல. இப்ப எறக்குவே'ன்னு சொல்றாரு." இவர் சொம்பைக் கீழே வைத்தார். "எறக்கீருவனோன்னு எனக்கே பயமா இருக்குது."

அவர் தன் வாயால் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் பயப்படுவதில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஆனாலும் அவர் சொன்னதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் சீட்டுக்கு இவர் போகவில்லை. ஒரு கவுண்டர் தோட்டத்தில் கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தார்கள். அதை ஓட்டிப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனார். நகராத எஞ்சின். எனக்கு அதைப் போல நிம்மதி வேறு இல்லை. மாலையில் மண்ணெண்ணெய் வாசத்தோடு வருவார். ஸ்டியரிங் பிடித்த கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் சாப்பிடும்போது தட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

இவர் சேர மாட்டேன் என்று சொன்னது அண்ணனுக்குத் தெரிந்து, வீட்டுக்கு வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கு நன்றி மாப்ளே. ஆனா நீங்க இல்லீன்னா வேறொருத்தன். ஊருக்குள்ள ஆளா இல்ல? நானே ஒத்துக்கிட்டனுங்க."

"எதுக்குங்க? கூலிக்கா, தண்ணிக்கா?" என்று இவர் கேட்டார்.

"ரண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார் அண்ணன்.

கார்த்திகையில் மறுபடி மலை கறுத்தது. காலையிலிருந்தே கறுப்பு. நங்கை தன் வீட்டில் இருக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் அவரைக்காயை முன்னால் வைத்துக்கொண்டு நார் உரித்தோம். உரித்ததையே திரும்ப உரித்தோம்.  வாசலில் யார் நடந்து போனாலும் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்போம். வேலை முடிந்து இவரும் வந்து கதவோரம் நின்றார்.  பெரியாண்டிச்சி அம்மனுக்குக் கெடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், கெடா வாங்க வழி இருக்கிறதா என்று யோசிக்காமல்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் வந்தார். நங்கை ஒரு சத்தம் போட்டு, உடனே வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அண்ணனுடைய வேட்டி முழங்கால் வரைக்கும் செந்தண்ணீரில் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

தட்டில் சோறு போட்டேன். கையை வைத்தார், எடுத்து வாயில் வைக்கவில்லை.

"புதுக் கம்பெனி பஸ்ஸும் பின்னாலயே வந்துச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "அந்த மேச்சேரி மீசைக்காரருதான். நான் தண்ணியில எறக்கறதைப் பாத்துட்டு அவரும் எறக்குனாரு. அக்கட்டக் கரை ஏறினதும் என்னெப் பாத்துக் கையத் தூக்குனாரு."

"நீங்க?" என்றேன்.

"நானும் தூக்குனேன் அம்முணி."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நங்கை அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"கல்லுத் தெரிஞ்சுதுங்களா மச்சான்?"

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் பாக்கலீங்க மாப்ளே" என்றார்.